துப்பாக்கிக்கும் ஒரு தொண்டை

துப்பாக்கி என்ற சொல்லைப் பார்த்ததும், "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இது ஒரு பெண் பிள்ளையைப் பற்றிய விஷயம். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற எந்தச் சகோதரிக்கும் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடக்கூடிய விஷயமுங்கூட.

மெல்லிய துணிக்கு உரிய ஊசியை மாட்டிக்கொண்டு தடித்த ஜீன்ஸ் துணியைத் தைக்க உட்காருங்கள். தையல் விட்டு விட்டு விழும். நூல் அறுந்துபோகும். கடைசியில் ஊசியே ஒடியும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஊசியையா குறை சொல்வார்கள்? "அவளுக்குத் தைக்க வராது" என்பார்கள். ஊசிக்கும் துணிக்கும் உள்ள பொருத்தம் போலத் துப்பாக்கிக் குழலுக்கும் குண்டுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. அது கெட்டுப் போனாலும் பழி சுடுகிறவள் தலையில்தான் விழுகிறது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் காரியாபட்டியில் இருக்கும் பெரிய மாமா. என் கணவருக்குப் பெரியப்பா. வயது எண்பத்திரண்டு. மதுரையில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கலாம். இன்னும் தெற்கே போனால் சிவகாசி, சாத்தூர் என்று வெடிமருந்துச் சீமை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மருந்து என்றால் இருமலுக்குக் குடிப்பதும் நினைவுக்கு வரும், வெடியில் திணிப்பதும் நினைவுக்கு வரும்.

மாமா 1962-இல், சீன யுத்தம் நடந்த வருஷம், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். இ.எம்.இ. என்று சொல்லப்படும், யந்திரங்களையும் ஆயுதங்களையும் பழுது பார்க்கும் பிரிவில் ஆர்மரர் உத்தியோகம். அதாவது துப்பாக்கிகளுக்கு வைத்தியர். 1965, 1971 இரண்டு யுத்தங்களையும் பட்டறையிலிருந்து பார்த்தவர். "ஆயிரக்கணக்குல துப்பாக்கியத் தொட்டிருக்கேன். ஒரு மனுசனப் பாத்து ஒண்ணையும் சுட்டதில்ல" என்று ஒரு தரம் சொன்னார். வீட்டில் துப்பாக்கி கிடையாது. வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

அவருடைய பேத்திக்கு மதுரையில் கல்லூரியில் இரண்டாவது வருஷம். என்.சி.சி.யில் சேர்ந்து, .22 ரைபிளைத் தொட்டு, அதிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். படுத்துக்கொண்டு 50 மீட்டர் தூரத்திலுள்ள அட்டையைச் சுடும் பந்தயம் அவளுடையது. அந்த அட்டையின் நடுவில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். நம் சட்டைப் பொத்தான் அளவு. அதில் அறுபது குண்டு போட வேண்டும். பயிற்சியில் 600-க்கு 580-ஐ ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். தேர்வுப் போட்டியன்று 551 வந்தது.

நான் காரியாபட்டி போய்ச் சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. பெண்ணின் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். கோபக்காரர் அல்ல. ஆனால் கணக்குப் பார்க்கிறவர். "மூணு வருசமா கிளப்புக்கும் தோட்டாவுக்கும் பஸ்ஸுக்கும் போட்ட காசுக்கு ரெண்டு பவுன் எடுத்திருக்கலாம். இதோட போதும். படிப்பைப் பாக்கட்டும்" என்றார். அம்மா வாய் திறக்கவில்லை. பெண் சாப்பிடவில்லை. "எனக்கே தெரியலை அத்தை. கை நடுங்கலை. மூச்சு சரியாத்தான் பிடிச்சேன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவளுக்கே தன்மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. மூன்று வருஷம் காத்து வைத்திருந்த ஆசையை இப்படிச் சந்தேகத்தோடு விட்டுவிடுவது சாதாரண வேதனையா?

மாமா மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சுட்ட அட்டையெல்லாம் கொண்டா ஆத்தா" என்றார்.

அவள் அவற்றைத் தேதி போட்டுக் கட்டி வைத்திருந்தாள். நல்ல வேளை! மாமா ஜாதகம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய அட்டைகளில் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கிழிசலாக இருந்தன. கடைசி மூன்று வாரத்து அட்டைகளில் நாலா பக்கமும் சிதறியிருந்தன.

"கை இழுத்தா, குண்டெல்லாம் பெரும்பாலும் ஒரு பக்கமா சாயும். இது கோழிக்குத் தவசம் எறிஞ்சாப்புல கெடக்கு. தோட்டாவ மாத்துனியா?"

"ஆமா தாத்தா. பழசு தீந்துபோச்சு. கிளப்புல வேற பெட்டி குடுத்தாங்க."

"குண்டு என்ன எடை?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கைப்பேசியில் இரண்டு பெட்டிகளின் படமும் இருந்தது. பழைய பெட்டியில் 40 கிரெயின், உருண்டை மூக்கு. புதிய பெட்டியில் 36 கிரெயின், மூக்கில் ஒரு குழி, வேகம் ஜாஸ்தி என்று பெருமையாக அச்சிட்டிருந்தது.

கிரெயின் என்பது துப்பாக்கிக்காரர்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய எடை. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெயின். 40-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் கால் கிராம். இரண்டு குன்றிமணி எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த ரெண்டு குன்றிமணிக்கா இவ்வளவு கூத்து?" என்று பெண்ணின் அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

மாமா அடுப்படியிலிருந்து ஊதாங்குழலைக் கொண்டுவரச் சொன்னார். கேஸ் அடுப்பு வந்த பின்னும் அந்த வீட்டில் அது பரணில் இருந்தது. சின்னப் பேரனின் பையிலிருந்து சாக்பீஸ் இரண்டு எடுத்தார். ஒன்று முழுசு, ஒன்று தேய்ந்த துண்டு. நான் இத்தனை வருஷப் பத்திரிகை உத்தியோகத்தில் எத்தனையோ விஞ்ஞான விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ரைபிள் குழலின் பின் பக்கத்தில் தோட்டா உட்காருவதற்கு ஓர் அறை இருக்கிறது. குழலின் பெரும்பகுதியில் உட்புறம் திருகாணி மரைபோலச் சுற்றிச் சுற்றி வரி வெட்டியிருக்கிறது. அந்த வரிகளைப் பற்றிக்கொண்டுதான் குண்டு பம்பரமாகச் சுழல்கிறது. சிவகாசி ராக்கெட்டுக்கு நேராகப் போக வால்குச்சி கட்டுகிறார்கள் அல்லவா? குண்டுக்குக் குச்சி கிடையாது. சுழற்சிதான் அதன் குச்சி. இந்த அறைக்கும் வரி தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன வழவழப்பான வழி இருக்கிறது. சில மில்லிமீட்டர்தான். அதற்குத்தான் தொண்டை என்று பெயர். இங்கிலீஷிலும் தொண்டை என்றே சொல்கிறார்கள்.

மருந்து பற்றியதும் குண்டு கூட்டை விட்டுக் கிளம்பித் தொண்டையைக் கடந்து வரியில் நுழைகிறது. மாமா முழு சாக்பீஸை ஊதாங்குழலின் வாயில் வைத்துத் தள்ளினார். பின்பாதி விரலில் இருக்கும்போதே முன்பாதி குழலுக்குள் போய்விட்டது. நேராகப் போயிற்று. தேய்ந்த துண்டை அதே மாதிரி தள்ளினார். விரலை விட்ட பிறகும் துளைக்குள் சரியாக நுழையவில்லை. நடுவில் பிடிமானம் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து, கோணலாகப் போய் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா? நீளமான குண்டுக்குன்னு வெட்டுன தொண்டையில குட்டைக் குண்டு போட்டா, நடுவழியில அனாதையாயிரும். ஒரு மயிரிழை சாஞ்சு வரியில ஏறுனாப் போதும். அம்பது மீட்டர்ல விரல் அகலம் தள்ளிப் போயிரும்."

"அப்போ எல்லாத் தொண்டையையும் குட்டையா வெட்டிட்டாப் போச்சு" என்றார் உரக்கடைக்காரர்.

"அது இதைவிட மோசம்டா. நீளக் குண்டு வரியில போய் முட்டிக்கிட்டு நிக்கும். சுட்டா உள்ள அழுத்தம் ஏறும். சுடாம வெளிய எடுத்தாலோ, கூடு மட்டும் கையில வரும், குண்டு உள்ளயே சிக்கிக்கும். மருந்தெல்லாம் சிந்திப் போகும்."

குண்டு எடை கூடினால் பொதுவாக நீளமும் கூடும். விட்டத்தைக் கூட்ட முடியாதே. ஆகையால் எடை என்று பெட்டியில் போட்டிருப்பதைத் தொண்டை நீளம் என்றே வாசிக்கிறார் ஆர்மரர். பந்தயத்துக்கென்று செய்யும் .22 ரைபிளில் தொண்டை இன்னும் நெருக்கம். பின்பூட்டை மூடும்போதே 40 கிரெயின் குண்டின் தோள் வரியில் லேசாகப் பதிந்துவிடும்படி வெட்டியிருப்பார்கள். மூக்கின் வடிவம் வேறாக உள்ள இன்னொரு குண்டு அந்த இடத்தில் அதே மாதிரி பதியாது. இதற்கும் மேலே இன்னொரு தொல்லை: வேகத் தோட்டாவின் குண்டு ஒலியை மிஞ்சிய வேகத்தில் கிளம்பி, அட்டையை அடைவதற்குள் ஒலியின் வேகத்துக்கு இறங்கி வரும். அந்த இறக்கத்தில் குண்டு தடுமாறும். பந்தயத் தோட்டாக்களை ஒலி வேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பது அதனால்தான்.

மாமாவுக்கு இந்த ஞானம் வந்தது த்ரீ-நாட்-த்ரீ ரைபிளிலிருந்து. போலீஸ்காரர் தோளில் நம் தலைமுறையும் பார்த்திருக்கிறதே, அதேதான். அந்த ரைபிள் இனத்தின் பழைய தோட்டாவில் குண்டு 215 கிரெயின், மொட்டை மூக்கு. நகைக்கடை தராசில் போட்டால் ஒன்றே முக்கால் பவுன்! 1910-இல் அதை மாற்றி, கூர்மூக்கு வைத்த 174 கிரெயின் குண்டைக் கொண்டுவந்தார்கள். விநாடிக்கு 2,060 அடியாக இருந்த வேகம் 2,440 அடியாக ஏறியது. எடை குறைந்ததால் நீளமும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் சாமர்த்தியம். செம்பு உறைக்குள் மூக்குப் பகுதியில் ஈயத்துக்குப் பதில் அலுமினியத் துணுக்கை வைத்து நீளத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். முதல் உலக யுத்தத்தில் அலுமினியம் தட்டுப்பாடானபோது மரக்கூழையும் காகிதக்கூழையும்கூட அடைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? முன்பக்கம் லேசாகவும் பின்பக்கம் கனமாகவும் ஆன அந்தக் குண்டு, உடம்பில் பட்டதும் உள்ளே கவிழ்ந்து புரளும். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பாடுபட்டும், கூர்மூக்குக் குண்டுக்குப் பழைய தொண்டை சரிப்படவில்லை. மொட்டை மூக்குக்கு ஏற்ற அகலமான கூம்பு அது. ஆகவே கூம்பைச் சிறிதாக்கினார்கள். குறி பார்க்கும் தகட்டையும் மாற்றினார்கள். அப்படி மாற்றிய குழல்களின் மேல் நான்கு எழுத்துக்களைப் பொறித்தார்கள்: ஹெச்.வி., எஸ்.சி. முதல் இரண்டும் மிகு வேகத்தைக் குறிப்பவை. அடுத்த இரண்டும் சிறு கூம்பு என்பதன் சுருக்கம். "சீமையில செஞ்ச பழைய குழல் பட்டறைக்கு வந்தா, முதல்ல அந்த எழுத்தத்தான் தேடுவேன். அது அதோட பிறந்த தேதி மாதிரி" என்றார் மாமா.

மாற்றாத துப்பாக்கியோடு போனவர்கள் கதையும் உண்டு. 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் பிரான்சு தேசத்து மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. நம் சிப்பாய்கள் கையில் இருந்தவை பழைய கனத்த குண்டுக்கான ரைபிள்கள். அங்கே கிடைத்த தோட்டாவோ புதியது. துறைமுகத்திலேயே ரைபிள்களை வாங்கி வைத்துக்கொண்டு வேறு கொடுத்தார்கள். பழகிய துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டு, தெரியாத ஊரில், தெரியாத குளிரில், புது ரைபிளோடு ஒரே மாதத்தில் போர்முனைக்குப் போய் நின்றார்கள் அந்தப் பிள்ளைகள். மாற்றித்தான் ஆக வேண்டும். வேறு வழி இல்லை. ஆனால் புறப்படும் முன் இந்தியாவிலேயே மாற்றியிருந்தால் கை பழகக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மாமா பட்டாளத்தில் சேர்ந்த சில வருஷங்களில் இதே நாடகம் மறுபடி நடந்தது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில், த்ரீ-நாட்-த்ரீயின் அதே உருவத்தில், உரமான உருக்கில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஒரு ரைபிள் செய்தார்கள். குண்டு 150 கிரெயினுக்கும் குறைவு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியாது. "உடம்பு ஒண்ணுதான், தொண்டை வேற" என்று மாமா சிரித்தார். குழல் சாவதும் தொண்டையில்தானாம். மருந்தின் கொதிக்கும் வாயு முதலில் தின்பது அந்த இடத்தை. ஆர்மரர் அளவுக் கம்பியை உள்ளே விட்டு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் குழலுக்கு ஆயுள் சொல்வார்.

ஊதாங்குழல் பிரசங்கத்தோடு விஷயம் முடியவில்லை. உரக்கடைக்காரர் எளிதில் மசிகிறவர் இல்லை என்றேனே. "கதை நல்லாருக்கு. நிரூபிக்கணும்" என்றார். மாமாவும் அதையே எதிர்பார்த்தவர்போல ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: ரைபிளை மணல் மூட்டைமேல் வைக்க வேண்டும். பேத்தி சுடக் கூடாது, பயிற்சியாளர் சுட வேண்டும். இரண்டு வகைத் தோட்டாவிலும் பத்துப் பத்துக் குண்டு. ஒரு வகை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது குழலைத் துடைத்துவிட்டு, கணக்கில் சேராமல் சில குண்டுகள் சுட்டுவிட வேண்டும்.

மறு ஞாயிறு மதுரையில் அந்தப் பரீட்சை நடந்தது. நானும் போயிருந்தேன். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பின்வரிசை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். பழைய வகைத் தோட்டா ஒரே ஒரு பெட்டி எப்படியோ தேடிப் பிடித்திருந்தார்கள். அதில் விழுந்த பத்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிட முடிந்தது. புதிய வகையின் பத்தை மூட ஒரு மசால் வடை வேண்டியிருந்தது. சுட்டவர் பல பரிசுகள் வாங்கிய பயிற்சியாளர். கையோ மூட்டைமேல். இனி யாரைக் குறை சொல்வது? பெண் அட்டை இரண்டையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்லைப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா அட்டைகளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, நெடு நேரம் பார்த்தார்.

பயிற்சியாளர் அப்போது சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. ஒரே கம்பெனி, ஒரே எடை, ஒரே பெயர் உள்ள தோட்டாவிலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் உண்டாம். ஆகையால் பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளையே தூக்கிக்கொண்டு, இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் உள்ள ஈலி தொழிற்சாலைக்கோ, ஜெர்மனியில் ஷோனபெக்கில் உள்ள லாபுவாவின் தொழிற்சாலைக்கோ போகிறார்கள். அங்கே குழலைப் பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த லாட்டில் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். காற்றுத் துப்பாக்கியிலும் இந்தப் பொருத்தம் பார்ப்பது உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டாரே, அந்த 10 மீட்டர் பந்தயத்தில் பத்தின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதற்கான ஈய ரவைகள் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலை அளவு பிரித்து விற்கப்படுகின்றன. அரை கிராமுக்குச் சற்று மேலும் கீழுமாக எடையும் வேறுபடும். வளையல் கடையில் இரண்டே கால், இரண்டரை என்று அளவு கேட்டு வாங்குகிறோம். அதற்கே நம் வீட்டு ஆண்கள் பொறுமை இழந்துபோகிறார்கள்!

காரியாபட்டி திரும்பும் வழியெல்லாம் உரக்கடைக்காரர் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்த பிறகு மகளிடம், "அந்தப் பழைய பெட்டி என்ன விலை?" என்றார். அவள் சொன்னாள். சோற்றில் கை அப்படியே நின்றது. வெளிநாட்டுச் சரக்கு, விலை கொஞ்சமா என்ன? மாமா திண்ணையிலிருந்தே, "பாதி என் பென்சன்ல போட்டுக்கிறேன்" என்று குரல் கொடுத்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றார் மகன். "அடுத்த செலக்ஷன் எப்ப?"

"நாலு மாசம் இருக்குப்பா."

"ஒரே லாட்டா கிடைக்குமான்னு கேட்டு வை. பிரிச்சுப் பிரிச்சு வாங்கினா, மறுபடியும் உங்க தாத்தா சாக்பீஸத் தூக்கிக்கிட்டு வந்துருவாரு."

அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தாள். "அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றிவிட்டாள்.